நின்றால் நடுங்கும் காடி!
கார்புரேட்டரை மாற்றுமுன் காற்று ஓட்டையைத் தேடுங்கள்



இந்த வாரம் பழைய காடியைப் பற்றி எழுதுகிறேன். "தோட்டத்துப் பக்கத்தில் காடிக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை, எந்தப் பக்கம் போனாலும் லயத்து வாசலிலும் தாமான் வீட்டு வாசலிலும் ஒரு பழைய காடி நிற்கிறது. அது ஆடம்பரத்துக்கு வாங்கியது அல்ல. தோட்டத்துக்கு உள்ளே பஸ் வருவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடவும், பாக்டரி வேலைக்குப் போகவும், வயதான அம்மாவைத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அந்தக் காடிதான் கதி.

அப்படி நிற்கும் காடிகளில் பல, பழைய புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9-ஆம் நாள் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் வெளியிட்டு வைத்தது. ஷா ஆலாமில் செய்தார்கள். எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷி. 1992-இல் அதற்கு இஸ்வாரா என்று புதுமுகம் வந்தது. கார்புரேட்டர் வைத்த அந்தக் காடிகள் இன்னும் நம்மிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. உழைக்கிற காடி, குறை சொல்ல முடியாது. ஆனால் வயதாக வயதாக அதற்கு ஒரு சீக்கு வரும். ரோட்டில் விட்டால் குதிரை மாதிரி ஓடும். சிக்னல் விளக்கில் நின்றால் குளிர்சுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். பிறகு பட்டென்று அணைந்துவிடும்.

இந்தச் சீக்குக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். நீங்கள் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

640 வெள்ளி போன கதை

என்னுடையது 1.3 சாகா. ஒரு நாள் காலையில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். கோல சிலாங்கூர் டவுன் சிக்னலில் காடி அணைந்தது. பின்னால் மணல் லாரி. ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கிறது. அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இரண்டு முறை சாவி திருகிக் கிளப்பினேன். அடுத்த சந்திப்பில் மறுபடி அணைந்தது.

பட்டறைக்குப் போனேன். முதல் தடவை பிளக்கும் பிளக் வயரும் மாற்றினார்கள். ஒரு வாரம் சென்று மறுபடி போனேன், காயில் மாற்றினார்கள். மூன்றாம் தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சர்வீஸ் செய்து, ஐடலிங் ஸ்குருவை ஏற்றி வைத்து அனுப்பினார்கள். மொத்தம் 640 வெள்ளி. 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. அந்தக் கணக்கிலேயே பார்த்தாலும் பத்து நாள் சம்பளத்துக்கு மேல் போய்விட்டது.

காடி அதன்பிறகு அணையவில்லை. ஆனால் நின்ற இடத்தில் உறுமியது, எண்ணெய் குடித்தது. பிரேக்கும் முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. "பழைய காடி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நான் செய்த பெரிய தப்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்தில் முப்பது வருஷம் லாரிக்கும் டிராக்டருக்கும் பிட்டராக இருந்தவர். கோயிலடியில் என் காடி உறுமுவதைக் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்னா தம்பி, காடி இப்படிக் கத்துது?"

"கார்புரேட்டர் சர்வீஸ் பண்ணியாச்சு மாமா. அப்படியும் சரியா இல்லே."

"பானெட்டைத் தூக்கு."

தூக்கினேன். அவர் கையில் இரண்டு அடி ரப்பர் பைப் துண்டு. ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையை எஞ்சினைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல. ஓர் இடத்தில் நின்றார்.

"வா, நீயே கேளு."

காதில் வைத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவது போல் சத்தம்!

"காடிக்கு வயித்துல ஒண்ணும் இல்லே தம்பி. நெஞ்சுல ஓட்டை. கள்ளக் காத்து உள்ளே போவுது. இது எந்தப் பைப்பு தெரியுமா? பிரேக்குக்குப் போற பைப்பு. அம்மாவை வச்சுக்கிட்டு இதுலதான் இத்தனை நாளா ஓடினியா?"

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. புதுப் பைப்பும் இரண்டு கிளிப்பும் 18 வெள்ளி. அரை மணி நேர வேலை.

கள்ளக் காற்று என்றால் என்ன?

இளநீரை உறிஞ்சு குழாய் போட்டுக் குடிக்கிறோம். குழாயின் நடுவில் சின்ன ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் பாதி காற்றுதான் வாயில் வரும். எஞ்சினும் அப்படித்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. சரியாக எரிய வேண்டுமானால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. கார்புரேட்டர் வழியாக வரும் காற்றுக்குத்தான் அது பெட்ரோல் அளந்து கொடுக்கும். வேறு ஓட்டை வழியாக நுழையும் காற்றுக்குக் கணக்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. கலவை வெளிறிப் போகிறது, எஞ்சின் திணறுகிறது.

அப்படியானால் ரோட்டில் மட்டும் எப்படி நன்றாக ஓடுகிறது? கால் எடுத்தவுடன் கார்புரேட்டருக்குள் இருக்கும் தகட்டுக் கதவு மூடிக்கொள்கிறது. அப்போதுதான் உறிஞ்சும் வேகம், அதாவது வேக்குவம், மிக அதிகம். எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றோ மிகக் குறைவு. தீக்குச்சி நுழையும் ஓட்டை இருந்தால் போதும், அந்தக் கொஞ்சக் காற்றில் பெரும் பங்கைக் கெடுத்துவிடும். எண்ணெய் மிதித்தால் கதவு திறக்கிறது, காற்று வெள்ளமாய் வருகிறது, வேக்குவம் குறைகிறது. அந்த வெள்ளத்தில் ஓட்டைக் காற்று ஒரு பொருட்டே அல்ல. ஆகவே, 'ஓடினால் நல்லது, நின்றால் கெட்டது' என்றால் முதல் சந்தேகம் கள்ளக் காற்றின் மேல் விழ வேண்டும்.

ஓட்டை எதனால் விழுகிறது? ரப்பரைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பார்த்தவர்கள் நாம். எஞ்சின் பைப்புகள் பெரும்பாலும் எண்ணெயும் சூடும் தாங்குவதற்காகச் செய்த செயற்கை ரப்பர். ஆனாலும் இருபது முப்பது வருஷச் சூட்டில் அது இறுகி, வெடித்து, முனையில் பிளந்துவிடும். எங்கே இழுத்து மாட்டியிருக்கிறதோ அங்கேதான் முதலில் பிளக்கும்.

வீட்டிலேயே பார்க்கும் விதம்

முதலில் எச்சரிக்கை. காடியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சின் புகை ஆளைக் கொல்லும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கைலி, தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். காற்றாடியும் பெல்ட்டும் இழுத்துக்கொள்ளும். சிகரெட் கூடவே கூடாது.

1. கண்ணால் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு சின்னப் பைப்பின் முனையையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிளவு வாய் திறக்கும். கழன்று தொங்கும் பைப் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாகாவில் கார்புரேட்டரைச் சுற்றி நிறையப் பைப்புகள் உண்டு. ஒரு தடவையில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் உருவிவிட்டால் எது எங்கே என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

2. காதால் கேளுங்கள். பெரியவர் செய்தது போல் ஒரு ரப்பர் பைப் துண்டு போதும். காற்றாடிப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள்.

3. கிள்ளிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது, குறட்டின் வாயில் துணி சுற்றி, பைப்புகளை மேனிபோல்டுக்கு அருகில் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எந்தப் பைப்பை அழுத்தும்போது நடுக்கம் நின்று எஞ்சின் சீராகிறதோ, ஓட்டை அந்தப் பைப்பில் அல்லது அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. இறுகிப் போன பைப்பைப் பலமாக நசுக்கினால் அதுவே உடையும், பார்த்துச் செய்யுங்கள்.

4. தண்ணீர் தெளியுங்கள். ஓட்டை எப்போதும் பைப்பில்தான் இருக்கும் என்பதில்லை. கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் தடித்த கேஸ்கட், மேனிபோல்ட் எஞ்சினோடு சேரும் கேஸ்கட் ஆகியவையும் வெடிக்கும். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அந்த ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒரு நொடி அதை அடைக்கும். எஞ்சின் சத்தம் மாறும். பிளக் வயர், டிஸ்டிரிபியூட்டர் மேல் தண்ணீர் படக்கூடாது. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோலா? காடியும் எரியும், கையும் எரியும். வேண்டவே வேண்டாம்.

5. காற்றுக் கதவை மறையுங்கள். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் வாயை ஓர் அட்டையால் பாதி மூடுங்கள். நடுக்கம் குறைந்து ஓட்டம் சீரானால் காற்று மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் மோசமாகி அணைந்தால் வேறு கோளாறைத் தேடுங்கள்.

6. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று அதிகம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். அது வேறு வைத்தியம். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம்.

நண்பரிடம் வேக்குவம் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நம்முடையது கடலோரத் தாழ்ந்த பூமி. இங்கே நல்ல எஞ்சின் ஐடலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும், முள் ஆடாது. முள் ஆடாமல் ஆனால் தாழ்ந்து நின்றால் காற்று ஓட்டை இருக்கலாம். டைமிங் பின்தங்கியிருந்தாலும் அப்படிக் காட்டும். முள் தாளம் போட்டது போல் துடித்தால் வால்வைச் சந்தேகியுங்கள்.

ஓட்டை இல்லாமலும் அணையும்

எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடக்கூடாது. கால் எடுத்தவுடன் டக்கென்று அணைந்து, எண்ணெய் மிதித்தால் மட்டும் ஓடினால், கார்புரேட்டரின் பக்கத்தில் ஒற்றை வயர் போகும் சின்ன சொலினாய்டைப் பாருங்கள். ஐடலிங்குக்குப் பெட்ரோல் விடும் வாசல் அது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, வயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வயர் செத்திருக்கும், அல்லது சொலினாய்டு செத்திருக்கும். சத்தம் வந்தும் அணைந்தால் ஐடலிங் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். அதற்குக் கார்புரேட்டரைக் கழுவத்தான் வேண்டும்.

டிஸ்டிரிபியூட்டரின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு டப்பா இருக்கும். அதன் உள்ளே மெல்லிய ரப்பர்த் தகடு. சுத்தமான புதுப் பைப் துண்டை அதில் மாட்டி, வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் தகடு நல்லது. காற்று ஓடிக்கொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது.

இன்ஜெக்‌ஷன் வைத்த காடிகளுக்கும் கள்ளக் காற்று பகைதான். அவற்றில் பல, அணையாமல் ஐடலிங் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பைப் பார்க்கும் முறை ஒன்றுதான். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டறையில் பாருங்கள்.

பிரேக் பைப்: உயிர் அங்கே இருக்கிறது

மேனிபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த பைப் போகிறது. பிரேக் பெடலுக்குப் பின்னால், பானெட்டின் உள்ளே, சட்டி கவிழ்த்தது போல் இருப்பதுதான் பூஸ்டர். எஞ்சினின் வேக்குவத்தை வைத்துத்தான் அது நம் காலுக்குப் பலம் சேர்க்கிறது. பைப்பில் ஓட்டை விழுந்தால் ஐடலிங்கும் கெடும், அந்தப் பலமும் குறையும். பிரேக் முழுக்கப் போய்விடாது. ஆனால் முன்னால் ஒரு பிள்ளை ஓடி வந்தால், எவ்வளவு பலமாக மிதித்தாலும் நிற்க வேண்டிய இடத்தில் காடி நிற்காது.

இதைப் பார்க்க ஸ்பானர்கூட வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை ஐந்தாறு தடவை மிதியுங்கள். காலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் போகவில்லை. பிறகு எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓட விட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று இருக்க வேண்டும். முதலிலேயே கல் மாதிரி இருந்தால் பைப்போ, அதிலுள்ள ஒருவழி வால்வோ, பூஸ்டரோ கசிகிறது. இந்தக் காடியை வேறு எங்கும் ஓட்டாதீர்கள். சரி செய்த பிறகுதான் ரோட்டுக்குக் கொண்டு வர வேண்டும்.

இதைச் சொந்தமாகச் சோதிக்கலாம். ஆனால் பழுது பார்ப்பதைத் தெரிந்த கையில் விடுங்கள்.

பைப் வாங்கும்போது

பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் அதே துளை அளவில் கேளுங்கள். 'வேக்குவம் பைப்' என்று சொல்லி வாங்குங்கள். மீன் தொட்டிக் குழாயும், கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயும் சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்கு அதற்கென்றே உள்ள தடித்த பைப்தான் வேண்டும். கிளிப் போட்டு இறுக்க வேண்டும். டேப் சுற்றுவது, சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டுவது எல்லாம் ஆபத்து.

ஓட்டையை அடைத்ததும் எஞ்சின் வேகம் ஏறிப்போய் நிற்கலாம். முன்னே யாரோ ஐடலிங் ஸ்குருவை ஏற்றி வைத்ததன் பலன் அது. அதை இறக்கி, கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த மாதிரிக் காடிகளுக்குப் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 750 முதல் 850 சுற்று வரை. ஸ்குருவை ஏற்றி நடுக்கத்தை மறைப்பது, சுரம் வந்த பிள்ளைக்குப் போர்வை போர்த்திவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்வது போல. எண்ணெயும் வீணாகும்; கலவை வெளிறி நெடுநாள் ஓடினால் வால்வும் கருகும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாம்தான் "காடி சரியில்லே, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விடுகிறோம். சீக்கைச் சொல்லாமல் மருந்து கேட்டால் டாக்டர்தான் என்ன செய்வார்?

இனிமேல் இப்படிச் சொல்லுங்கள்: "ஓடும்போது நல்லா இருக்கு. நின்னா நடுங்குது. முதல்ல வேக்குவம் கசியுதான்னு பாருங்க. பிரேக் பைப்பையும் பாருங்க. அது நல்லா இருந்தா மட்டும் கார்புரேட்டரைக் கழற்றுங்க." மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள்; பில்லும் கேளுங்கள். காசு கொடுப்பவருக்குக் கேட்க உரிமை உண்டு. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

என்னிடமிருந்து போன 640 வெள்ளி போனதுதான். அதைவிட என்னை இன்றும் உறுத்துவது வேறு. பெடல் கெட்டியானது என் காலுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு பல வாரம் ஓட்டினேன். நடுக்கம் வேறு, பிரேக் வேறு என்று நினைத்தேன். இரண்டுக்கும் ஒரே ஓட்டை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரிய பையனையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள், அவனும் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு அடி ரப்பர் பைப் துண்டு வீட்டில் எங்காவது கிடக்கும். காதில் வைத்துக் கேளுங்கள்.